பொதி ஏற்றிய வண்டி

பொதி ஏற்றிய துவிச்சக்கரவண்டியை எங்கள் மாவட்டத்து மக்கள் உல்லாசத்தின் சின்னமாக ஒருபோதும் கண்டதில்லை. பின்னால் ரெஜிபோம் பெட்டி இருந்தால் மீன். குறுக்கே நீட்டிக் கட்டியிருந்தால் விறகு. இரு புறமும் கான் தொங்கினால் தண்ணீர் அல்லது மண்ணெண்ணெய். பாயும் பானையும் உரப்பையும் ஒன்றாய்க் கட்டப்பட்டிருந்தால் இடப்பெயர்வு. வண்டியைக் கண்ட மாத்திரத்தில் அதன் கதையை ஊர் வாசித்துவிடும். இந்த வாசிப்புக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை.

ஆகவே, கப்பல்துறையிலிருந்து ஆசிரியர் மூவர், கூடாரமும் சோற்றுப் பானையும் வண்டியிற் கட்டிக்கொண்டு, விற்கவும் வாங்கவும் ஒன்றுமின்றி, ஓடித் தப்பவும் காரணமின்றி, மூன்று நாள் தெற்கு நோக்கிப் போகப் போகிறார்கள் என்ற செய்தி, ஊரில் நகைப்பையும் சிறிது கவலையையும் ஒருங்கே உண்டாக்கிற்று. “சேர், பஸ் ஓடுதுதானே?” என்று மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அக்கேள்விக்கு விடை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பயணத்துக்கெனக் கரியரும் பையும் செய்துகொண்டபோது நாங்கள் கற்ற தொழிலைப் பற்றியும், அத்தொழில் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியுமே எழுத விரும்புகிறோம்.

துவிச்சக்கரவண்டியை எங்களிடம் மீண்டும் கொண்டுவந்து சேர்த்தது உடல்நலத்தில் தோன்றிய அக்கறையன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்குத்தானும் கிடைத்ததா என்றால் அதுவுமில்லை. எரிபொருள் நிலைய வரிசையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்து இரவைக் கழித்தவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. பாடசாலைகள் மூடப்பட்டன. கொட்டில்களில் துருவேறிக் கிடந்த லுமாலாக்களும், பாட்டன்மார் ஓடிய ராலிகளும் வெளியே வந்தன. சைக்கிள் ஓடுவது உடம்புக்கு நல்லது என்று அந்நாளில் அறிவுரை கூறியவர்களும் இருந்தார்கள். அவர்களுட் பெரும்பாலோர் சைக்கிளில் வந்து அதைச் சொல்லவில்லை.

எப்படியோ, பாடசாலைக்கும் வீட்டுக்குமாக ஓடி ஓடி எங்கள் கால்கள் பழகிப்போயின. பெற்றோல் திரும்பி வந்த பின்னரும் நாங்கள் மூவரும் வண்டியை விடவில்லை. 2023இல் ஒரு விடுமுறையின்போது கிண்ணியா, மூதூர் வழியாக வெருகல்வரை போய், ஆற்றங்கரையில் இரவு தங்கி வருவதென முடிவு செய்தோம். எங்களுள் ஒருவருக்கு அவ்வழி புதிதன்று. அவர் சம்பூரார். அதனைப் பின்னர் கூறுவோம்.

முதலிற் கரியர். கடையில் வண்டியோடு வரும் கரியர் ஓர் ஆளை ஏற்றவோ ஒரு மூட்டையை வைக்கவோ போதும்; நெடுவழிக்குப் போதாது. சுமை உயர உயர வண்டி தள்ளாடும். எவ்வளவு தாழ்ந்து, சில்லின் அச்சுக்கு எவ்வளவு அண்மையில், இரு புறமும் எவ்வளவு ஒத்த நிறையோடு சுமை தொங்குகிறதோ அவ்வளவுக்கு வண்டி சொல்வழி கேட்கும். ஆயின், பக்கத்தில் தொங்கும் பைக்கு இரு பகைவர் உண்டு: உட்புறம் சுழலும் சில்லுக் கம்பி, முன்புறம் சுழலும் குதிகால். கம்பிக்குள் பை அகப்படாதிருக்க வேண்டுமாயின், கரியரின் இரு பக்கமும் ‘ப’ வடிவில் வளைத்த சட்டம் ஒன்று கீழ்நோக்கி இறங்க வேண்டும். குதிகால் இடிக்காதிருக்க வேண்டுமாயின், பை அச்சிலிருந்து சற்றே பின்தள்ளித் தொங்க வேண்டும். இவ்விரண்டும் அமைந்துவிட்டால் மிகுதி எல்லாம் அலங்காரமே.

இதை நாங்கள் எந்த நூலிலும் படிக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து விடியற்காலையில் மீன் கொண்டுவரும் வியாபாரி ஒருவரின் வண்டியிற் படித்தோம். மரநிழலில் அவர் வண்டியை நிறுத்தி மீன் நிறுத்துக் கொடுக்கும் வேளையில் நாங்கள் வண்டியின் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். மீன் வாங்க வந்த பெண்களுக்கு அது பெரும் வேடிக்கை. பெட்டிக்கும் கரியருக்கும் இடையில் பழைய ரயர்த் துண்டொன்றைப் படுக்க வைத்திருந்தார். பள்ளத்தில் விழும்போது ஏற்படும் அதிர்ச்சியை அது விழுங்கிக்கொள்ளும். பெட்டியைக் கட்டியிருந்தது கயிறன்று. பழைய ரியூபைச் சுற்றுச் சுற்றாக நீளவாக்கில் வெட்டியெடுத்த பட்டி. கயிறு நனைந்தால் ஒரு குணம், காய்ந்தால் ஒரு குணம். ரியூப் பட்டியோ சுமையோடு நீண்டு சுமையோடு சுருங்கும். நட்டுகளைப் பற்றி நாங்கள் விசாரித்தபோது அவர் சிரித்தார்.

“நட்டை நம்பாதீங்க சேர், ரியூபை நம்புங்க. நட்டு கழண்டா சத்தம் போடாது. ரியூப் அறுந்தா பெட்டி ஒரு பக்கம் சாயும், உடனே தெரியும்” என்றார்.

பொறியியல் நூலொன்றில் ஓர் அத்தியாயமாக விரியக்கூடிய உண்மை இது. பழுதடையும் பொருள் தன் பழுதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதைப் பாறை மீனை வெட்டிக்கொண்டே சொல்லிவிட்டார்.

சட்டத்துக்குப் புதுக் கம்பி வாங்கும் எண்ணம் விலையைக் கேட்டதும் மறைந்தது. பழைய இரும்புக் கடையில் உடைந்த கதிரைகளின் குழாய்கள் கிடந்தன. உள்ளீடற்ற குழாய் பாரம் குறைந்தது. அதே நிறையுள்ள கம்பியைக் காட்டிலும் வளையாது நிற்பது. ஆனால் அதை வளைப்பதுதான் கடினம். வெறுங்குழாயை வளைத்தால் வளைவில் நசுங்கி மடியும். ஊரிலுள்ள ஒட்டுப் பட்டறைக்காரர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நன்றாக வெயிலிற் காயவைத்த மணலைக் குழாயினுள் தட்டித் தட்டி நிரப்பினார். இரு வாயையும் மரக்கட்டையால் அடைத்தார். வளைய வேண்டிய இடத்தைச் சூடாக்கி மெதுவாக வளைத்தார். உள்ளிருந்த மணல் குழாயை நசுங்கவிடவில்லை. மணலில் ஈரமிருந்தால் ஆவி எழுந்து அடைப்பைத் தெறிக்கச் செய்யும் என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். கால்களின் நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கித் துளையிட்டு, பின்சில்லின் அச்சிலேயே கோத்து, இரட்டை நட்டுப் போட்டார். கடற்காற்று இரும்பைத் தின்னும் ஊராகையால், இரண்டு பூச்சுத் துருத்தடுப்பு மை பூசவேண்டும் என்பது அவரது கட்டளை.

இத்தனையும் செய்துவிட்டு அவர் கேட்டார்: “இதில என்ன ஏத்தப் போறீங்கள் சேர்?” உடுப்பும் சாப்பாட்டுச் சாமானும் என்றோம். “அவ்வளவுக்குத்தானா?” என்று ஏமாற்றத்தோடு சட்டத்தின்மேல் தாமே ஏறி நின்று காட்டினார்.

பை விடயத்தில் எங்கள் கைகளுக்கும் சிறிது வேலை கிடைத்தது. உரப்பை வலியது, இலகுவானது. ஆயின் வெயிலுக்கு ஆகாது. சில மாதம் வெயிலிற் கிடந்தால் இழையிழையாகப் பொடிந்து உதிரும். ஆதலால் அதனை உள்ளுறையாக வைத்தோம். வெளியுறைக்குக் கிண்ணியாவிலுள்ள தையற்காரரிடமிருந்து லொறிப் படங்கின் வெட்டுத்துண்டுகள் கிடைத்தன. பை சில்லுப் பக்கம் பிதுங்காதிருக்க, பழைய எண்ணெய்க் கானின் பக்கத்தை வெட்டியெடுத்து முதுகுத் தகடாக உள்ளே வைத்தோம். படங்கின் தடிப்பைப் பார்த்த தையற்காரர், தம் இயந்திரத்தின் ஊசி மீது இரக்கங்கொண்டு மறுத்துவிட்டார். பின்னர் வலை பொத்தும் முதியவர் ஒருவரிடம் போனோம். கோணி ஊசியும் வலைநூலும் கொடுத்து, நூலை மெழுகுதிரியில் இழுத்துத் தைக்கும்படி கற்பித்தவர் அவரே. மெழுகு ஏறிய நூல் எளிதில் ஓடும். ஊசித் துளையையும் ஓரளவு அடைக்கும். மடிப்பைக் கிடுகு வேய்வதுபோல், மேற்துண்டு கீழ்த்துண்டின்மேல் ஏறிவரும்படி வைத்தால் மழைநீர் தையலுக்குள் புகாது வழிந்தோடும் என்பதும் அவர் சொன்னதே. பையின் வாயை மும்முறை சுருட்டி இறுக்கிக் கட்டினால் ஆற்றில் விழுந்தாலும் உள்ளே நனையாது. கொளுக்கிகளைக் கம்பியில் வளைத்து, அவை கரியரில் உராய்ந்து ஓலமிடாதிருக்க ரியூப் துண்டை உறையாக இட்டோம். மூன்று வண்டிக்கு ஆறு பை. பதினொரு மாலைப்பொழுது சென்றது. விரல்களில் காயமில்லாதவர் எங்களுள் எவருமிலர்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வரும் மேனாட்டுப் பயணிகளின் வண்டிகளில் இவ்வகைப் பைகளை நாங்கள் கண்டதுண்டு. அவற்றில் ஒரு சோடியின் விலை ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது. எனினும் அப்பைகளின் பிறப்பை ஆராய்ந்தால் அங்கும் ஏழையின் ஊசியே தென்படுகிறது. 1982ஆம் ஆண்டு ஜேர்மனியரான ஹார்ட்முட் ஓர்ட்லீப் தமது பைகளை முதலில் லொறிப் படங்குத் துணியிலேதான் தைத்தார். இங்கிலாந்தில் மழைக்குள் சைக்கிளில் அலைந்தபோது, கடந்துபோன லொறியின் படங்கைக் கண்டு பிறந்த எண்ணம் அது. அதற்கும் முன்னே, சைக்கிளிற் கூடாரம் ஏற்றிச் சென்று வெளியிலே தங்கும் வழக்கத்தைப் பரப்பிய தோமஸ் ஹைரம் ஹோல்டிங் யார்? இலண்டனில் தொழில் நடத்திய தையற்காரர். 1897இல் அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் அவ்வாறு பயணம் செய்து, மறு ஆண்டு அதனை நூலாக எழுதினார். 1901இல் சைக்கிள் முகாமிடுவோர் சங்கமொன்று அவர் முயற்சியால் தோன்றியது. பாரம் குறைந்த கூடாரத்தை வெட்டவும் தைக்கவும் அறிந்த கை அவருடையது. பிற்காலத்தில் இது பணமுள்ளோரின் பொழுதுபோக்காயிற்று என்றால், அது ஊசியின் குற்றமன்று.

பொதி வண்டியின் வரலாற்றில் இன்னோர் ஏடும் உண்டு. அதை ஐரோப்பியர் எழுதவில்லை. 1954ஆம் ஆண்டு மார்ச் 13 தொடங்கி மே 7 வரை நடந்த தியன் பியன் பூ சமரில், வியட்நாமிய மக்கள் மலைக்காடுகளினூடாக அரிசியையும் வெடிமருந்தையும் கொண்டு சேர்த்தது பெருமளவுக்குச் சைக்கிள்களாலேயே. சுமார் 20,000 சைக்கிள்கள். அவற்றிற் பல பிரெஞ்சு நாட்டுப் பேஜோக்கள் என்பது வரலாற்றின் குறும்பு. அவ்வண்டிகளில் எவரும் ஏறி ஓடவில்லை. பக்கத்தில் நடந்து தள்ளினார்கள். கைபிடியில் ஒரு மூங்கில் தடியை நீட்டிக் கட்டி அதனால் வண்டியைத் திருப்பினார்கள். ஆசனத் தண்டில் இன்னொரு தடியை நட்டு அதனால் உந்தினார்கள். வண்டியொன்று 200 கிலோவுக்கு மேலும் சுமந்தது. ஆகாய விமானத்தில் வந்த உணவை உண்டவர்கள் தோற்றார்கள்.

இதை நாங்கள் ஒரு மாலை தைத்துக்கொண்டிருக்கையில் பேசிக்கொண்டிருந்தபோது, சம்பூரைச் சேர்ந்த நண்பர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அப்பாவும் அப்படித்தான் தடி கட்டினவர்.”

2006ஆம் ஆண்டு அவருக்கு வயது பதினேழு. ஏப்ரல் மாதம் சம்பூர்ப் பக்கம் குண்டுகள் விழத் தொடங்கின. ஆகஸ்டில் மூதூர் போர்க்களமாயிற்று. செப்டெம்பர் 4ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் கையில் வீழ்ந்தது. மூதூர்க் கிழக்கு மக்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை எனத் தெற்கே தெற்கே தள்ளப்பட்டு, இறுதியில் மட்டக்களப்பு முகாம்களை அடைந்தார்கள். அந்தப் பாதையில் நண்பரின் தந்தை ஒரு சைக்கிளைத் தள்ளிச் சென்றார். கரியரில் மடித்த பாய், பாயின்மேல் பாட்டி. கைபிடியின் இரு பக்கமும் அரிசியும் பாத்திரமும். கைபிடியில் ஒரு தடியைக் கட்டி, பாட்டி சரியாதபடி ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தடியைப் பிடித்து வண்டியை நடத்தினாராம். வியட்நாமைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நெருக்கடி ஒன்றாயிருந்தால் விடையும் ஒன்றாகிறது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தினூடாக யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கான மக்களிடையேயும் இத்தகைய தடிகள் எத்தனை இருந்தனவோ!

வீட்டின் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு பிஸ்கற் தகரத்தில் இருந்தன. வெருகலாற்றைக் கடக்கையில் தகரத்துக்குள் தண்ணீர் புகுந்தது. மை கரைந்தது. சம்பூர்க் காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டபோது, அந்த நீலக் கறையை நீட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதையை நண்பர் சொல்ல மாட்டார். அவருடைய தாயார் சொல்வார். தந்தையார் அதற்குள் காலமாகிவிட்டார்.

எங்கள் கூடாரத்துக்குத் துணி தேடியபோது, அத்தாயாரின் வீட்டுப் பரணில் முகாமிற் கொடுத்த வெள்ளைத் தறப்பாள் ஒன்று மடித்தபடி இருப்பது நினைவுக்கு வந்தது. நல்ல துணி. கேட்டோம். அவர் எங்களுக்குத் தேநீர் தந்தார், பலகாரம் தந்தார், தறப்பாளை மட்டும் தரவில்லை.

“அது கிடக்கட்டும் தம்பிமார். வெட்ட வேண்டாம். எப்ப தேவைப்படுமெண்டு ஆருக்குத் தெரியும்?”

சண்டை முடிந்து பதினான்கு ஆண்டு கடந்துவிட்டது என்று நாங்கள் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. கூடாரத் துணியைக் கடையில் வாங்கினோம்.

இவ்விடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கையில் அகப்பட்டதைக் கொண்டு காரியம் முடிக்கும் திறனை இந்நாளில் பலர் போற்றுகிறார்கள். ஏழையின் புத்திக்கூர்மை என்று படம் பிடித்துப் பரப்புகிறார்கள். திறன் உண்மைதான், அதற்கு நாங்கள் தலைவணங்குகிறோம். ஆயின் அப்போற்றுதலின் நிழலில் கடமை தவறியோர் ஒளிந்துகொள்வதையும் காண்கிறோம். புறப்பட்ட நாள் காலை கிண்ணியாப் பாலத்தின்மேல் வண்டிகளை நிறுத்தினோம். 396 மீற்றர் நீளமானது, 2009இல் திறக்கப்பட்டது, அதற்கு முன் அங்கே படகுப்பாதையே. அங்கிருந்து அதிக தூரமில்லை குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டி முடியாதிருந்த நிலையில், ஒட்டிப் பொருத்திய மிதவையொன்றே மக்களை அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் தண்ணீரில் மாண்டார்கள். அந்த மிதவையும் ஒரு கைவேலைதான். கரியரைக் கையாற் செய்யலாம், பையைத் தைக்கலாம். பாலத்தை மக்கள் தம் கையாற் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட ஓர் அரசு எதற்கு? ஆசிரியர்களாகிய எங்களுக்கு அக்காலை அதற்குமேல் பேச்சு எழவில்லை.

மூதூரைக் கடந்ததும் வெயில் ஏறிற்று. கச்சான் காற்று பக்கத்திலிருந்து அடித்தது. பக்கப் பைகள் பாய் விரித்ததுபோல் காற்றை வாங்கின. முன்னால் ஒரு சிறு சுமை இருப்பின் கைபிடி அலையாது என்று மீன் வியாபாரி சொல்லியிருந்தபடி, தண்ணீர்க் கானை முன்பக்கம் மாற்றிக் கட்டினோம். வண்டி அடங்கிற்று. கரியர்கள் முனகவில்லை. வயல்களும் பனைகளும் பற்றைக் காடுகளும் மாறி மாறி வந்தன.

ஈச்சிலம்பற்றுக்கு அண்மையில் வேலியோரம் நின்ற முதியவர் ஒருவர் எங்களைக் கண்டதும் வீதிக்கு வந்துவிட்டார். பைகளைப் பார்த்தார், கூடாரச் சுருளைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். பிறகு நாங்கள் வந்த திசையைப் பார்த்தார்.

“எங்கயிருந்து வாறியள்? அங்கால ஏதும் பிரச்சினையோ?”

“ஒண்டுமில்லை ஐயா. லீவு. சும்மா போறம்” என்றார் எங்கள் நண்பர்.

“சும்மாவோ?”

“ஓம் ஐயா. வெருகலில தங்கிப்போட்டு நாளைக்குத் திரும்புவம்.”

முதியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் பின்சில்லருகே குனிந்து, ‘ப’ சட்டத்தை விரலால் தட்டி, “இது நல்ல வேலை” என்றார். இளநீர் வெட்டித் தந்தார். காசு வாங்க மறுத்தார். இடம்பெயர்ந்து போவோருக்கு அந்த வேலியருகே முன்பும் தண்ணீர் கொடுக்கப்பட்டிருக்கும் என்று எங்களுக்குத் தோன்றிற்று, கேட்கவில்லை.

மகாவலியின் கிளையாகிய வெருகலாறு மாலையில் மிக அமைதியாயிருந்தது. கோயிலுக்கு அப்பால் மருத மரங்களின் கீழே கூடாரம் அடித்தோம். சோறும் கருவாடும் சமைத்து உண்டோம். நண்பர் ஆற்றங்கரையில் ஓரிடத்திற் போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார். வந்து, தமது பையொன்றை வெறுமையாக்கி, வாயை மும்முறை சுருட்டிக் கட்டி, ஆற்றில் அமுக்கிப் பிடித்தார். நூறு வரை எண்ணினார். எடுத்து அவிழ்த்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. இதை ஏன் செய்தார் என்று அப்போது நாங்கள் வினவவில்லை.

ஊர் திரும்பிய பின் பட்டறைக்காரருக்கு இவ்வகைச் சட்டத்துக்கு ஐந்து வேலைகள் வந்தன. ஐந்தும் மீன் வியாபாரிகளுடையவை. எங்கள் வகுப்பு மாணவன் ஒருவன் மாலையில் வீடு வீடாகப் பாண் விற்பவன். அவனுக்கு இரண்டு பைகளைக் கொடுத்தோம். மழையில் பாண் நனைவதில்லை என்கிறான். இரண்டு பைகள் அடுத்த பயணத்துக்கென எங்களிடம் உள்ளன.

மற்ற இரண்டும் நண்பர் வீட்டுக்குப் போயின. ஒன்றில் அவர் பரீட்சைத் தாள்களைக் கொண்டு திரிகிறார். மற்றதைத் தாயார் கேட்டு வாங்கிக்கொண்டார். சென்ற கிழமை போயிருந்தபோது அது கதவின் பின்னால் ஆணியில் தொங்கியது. வாய் மும்முறை சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. புதிதாய் எடுத்த காணி உறுதியின் பிரதியும், பிறப்புச் சான்றிதழ்களும், மகனின் பட்டச் சான்றிதழும், கணவரின் படமும் உள்ளே இருப்பதாகச் சொன்னார்.

“வண்டிக்கும் கொழுவலாம்தானே தம்பி?” என்று கேட்டார்.

கொழுவலாம் அம்மா என்றோம்.